பல படங்களும் ஒரு வண்ணத்தட்டும்: ஒரு திறனாய்வு

ஓவியன் ஒருவன் படம் வரையப் புகுமுன் தன் தட்டிலே சில வண்ணங்களை எடுத்து வைத்துக்கொள்கின்றான். உலகிலுள்ள நிறங்கள் அனைத்தும் அத்தட்டில் இடம்பெறுவதில்லை, இடம்பெறல் வேண்டுவதுமில்லை. எவற்றை ஏற்பது, எவற்றை விடுப்பது என்னும் அத்தெரிவிலேயே அவன் கலை தொடங்கிவிடுகின்றது. இக்காலத்துக் கணினியும் இத்தகைய தெரிவொன்றைச் செய்கின்றது. பல படங்களைச் சில நூறு நிறங்களே கொண்ட ஒரு பொதுத் தட்டினுள் அடக்குமாறு அதனைப் பணிக்கும்பொழுது, எந்த நிறம் வாழும், எந்த நிறம் மடியும் என்பதனை அது தீர்மானித்துவிடுகின்றது. ஓவியனுடைய தெரிவைத் திறனாய்வாளர் எடைபோடுவர். கணினியின் தெரிவோ, கணக்கு என்னும் பெயரால், ஆராயப்படாமலே ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. கணக்கு வழுவற்றதாக இருத்தல் கூடும். அக்கணக்கினுள் மறைந்திருக்கும் மதிப்பீடு வழுவற்றதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தட்டின் இயல்பும் தேவையும்

எண்ணிமப் படம் என்பது, சதுரக்கோட்டுத் தாளிலுள்ள கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறந் தீட்டினாற் போன்ற புள்ளிகளின் தொகுதியாகும். ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவுகளாற் குறிக்கப்படும். ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரை செல்லுமாதலின், 256 × 256 × 256, அதாவது 16,777,216 நிறங்களைக் குறித்தல் கூடும். இவ்வாறு எழுதுவதற்குப் புள்ளியொன்றுக்கு மூன்று பைற்று இடம் வேண்டும். மாறாக, 256 நிறங்களை மாத்திரம் தெரிந்தெடுத்து, அவற்றுக்கு வரிசையெண் இட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தை எழுதாது வரிசையெண்ணை எழுதினால் ஒரு பைற்றே போதும். அந்த 256 நிறங்களின் பட்டியலே வண்ணத்தட்டு எனப்படும். பட்டியலுக்கு வேண்டிய இடம் 768 பைற்று மாத்திரமே. படம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகச் சுருங்கிவிடுகின்றது.

ஒரு படத்துக்கு ஒரு தட்டு என்றிருந்தால் இடர் சிறிதே. பல படங்களுக்கு ஒரே தட்டு வேண்டப்பட்டது ஏன்? 1987 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட வி.ஜி.ஏ. என்னும் திரையமைப்பில், 320 புள்ளி அகலமும் 200 புள்ளி உயரமும் கொண்ட காட்சியொன்றினை 262,144 நிறங்களிலிருந்து தெரிந்தெடுத்த 256 நிறங்களாற் காட்டல் இயன்றது. ஆயின், முழுத்திரைக்கும் தட்டு ஒன்றே. இரு படங்களை அருகருகே வைத்தால், இரண்டாவது படத்தின் தட்டு ஏறியவுடன் முதலாவது படத்தின் வரிசையெண்கள் புதிய தட்டின் நிறங்களையே சுட்டும். மனித முகம் பச்சையாகும். வானம் செம்மண் நிறமாகும். படம் அழியவில்லை, அதன் அகராதி மாற்றப்பட்டது. இவ்விடரை நீக்குவதற்கு, திரையில் ஒருங்கு தோன்றவிருக்கும் படங்கள் அனைத்துக்கும் பொதுவான தட்டொன்றை முன்னரே வகுத்தல் இன்றியமையாததாயிற்று.

அவ்விடர் இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டது. இக்காலத் திரைகள் பல இலட்சம் நிறங்களை ஒருங்கே காட்டவல்லன. எனினும் பொதுத் தட்டு வழக்கொழிந்துவிடவில்லை. 1987 இல் கொம்பியூசேர்வ் நிறுவனம் வெளியிட்ட ஜிஃப் என்னும் பட வடிவம் இன்றும் அசையும் படங்களுக்குப் பெரிதும் பயன்படுகின்றது. அதிற் சட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான தட்டொன்று அமையலாம். சட்டந்தோறும் தனித்தட்டும் அமையலாம். எத்தட்டாயினும் 256 நிறங்களைத் தாண்டுதல் இல்லை. மின்தாள் எனப்படும் திரைகளுட் சில ஆறேழு நிறங்களையே காட்டுவன. ஆதலின், பழைய வினா புதிய இடங்களில் உயிருடன் இருக்கின்றது.

மூன்று நெறிகள்

பொதுத் தட்டினை ஆக்குதற்குக் கையாளப்படும் நெறிகளுள் மூன்று சிறப்பாக நோக்கற்பாலன.

முதலாவது, படங்களை நோக்காமலே தட்டினை வகுத்துவிடுவது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 0, 51, 102, 153, 204, 255 என ஆறு படிகளாகப் பிரித்தால் 6 × 6 × 6 = 216 நிறங்கள் கிடைக்கும். இணையத்தின் தொடக்க ஆண்டுகளில், எல்லாக் கணினிகளுக்கும் ஏற்புடையதென இத்தட்டே பரிந்துரைக்கப்பட்டது. இஃது எவருக்கும் ஓரஞ்செய்யாத நெறி போலத் தோன்றும். ஆயின் யாருடைய அளவையும் எடுக்காமல் ஒரே அளவிற் சட்டை தைத்து ஊரெல்லாம் வழங்குவதை நடுவுநிலைமை எனல் பொருந்தாது. முகத்தின் நிழல்களுக்கு நுண்ணிய வேறுபாடுடைய கபில நிறங்கள் பல வேண்டும்; இத்தட்டில் அவை மிகச் சில. எப்படத்திலும் காணப்படாத கூர்மையான பச்சைகளும் ஊதாக்களும் பல இடங்களைப் பிடித்துக்கொண்டு பயனின்றி இருக்கும்.

இரண்டாவது, படங்கள் அனைத்தினதும் புள்ளிகளை எண்ணி, மீடிறன் கூடிய 256 நிறங்களைத் தெரிந்தெடுப்பது. இது பெரும்பான்மை நெறி. மிகுதியாக உள்ளது மிகுதியாக வேண்டப்படுவது என்னும் கருத்தே இதன் அடிப்படை. எளிமை இதன் சிறப்பு. ஆயின், வானத்தைக் காட்டும் படங்கள் சில தொகுதியில் இருந்துவிட்டால், கண்ணாற் பிரித்தறிதற்கரிய நீலங்கள் பல நூறு இடங்களைக் கவர்ந்துகொள்ள, வேறு நிறங்கள் வாயிலில் நிற்கும்.

மூன்றாவது, போல் ஹெக்பேர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1982 இல் வெளியிட்ட இடைய வெட்டு முறை. நிறங்கள் அனைத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அச்சுகள் கொண்ட கனவுரு ஒன்றினுள் இட்டதாகக் கொள்க. அக்கனவுருவின் நீண்ட பக்கத்தைத் தெரிந்து, இருபுறமும் புள்ளிகள் சமமாக அமையுமாறு இடையத்தில் வெட்டல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு துண்டையும் அவ்வாறே வெட்டல் வேண்டும். எட்டுமுறை இவ்வாறு பாதிபாதியாக வெட்டினால் 256 சிறு கனவுருக்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலுமுள்ள நிறங்களின் சராசரி தட்டில் ஓரிடத்தைப் பெறும். நெருங்கிய நீலங்கள் ஒரே கனவுருவில் ஒடுங்குவதால், பெரும்பான்மை நெறியின் பெருங்குறை இதில் ஓரளவு நீங்குகின்றது. இம்முறை பின்வந்த பலவற்றுக்கு வழிகாட்டியாக அமைந்தது. எனினும் இதுவும் புள்ளிகளின் தொகையையே அளவுகோலாகக் கொண்டது என்பதனை மறத்தலாகாது.

இருநூறு செம்புள்ளிகள்

இந்நெறிகளின் வலிமையும் மெலிவும் பொதுப்படப் பேசுவதால் விளங்கா. கற்பித்தலுக்கென ஆசிரியர் ஒருவர் பத்து நுணுக்குக்காட்டிப் படங்களைத் தொகுப்பதாகக் கொள்க. ஒன்பது, இலைகளினதும் தண்டுகளினதும் குறுக்குவெட்டுகள். அவற்றிற் பச்சையும் கபிலமும் மிக்குள்ளன. பத்தாவது, காசநோயாளியின் சளியைச் சீல்-நீல்சன் முறைப்படி சாயமேற்றிப் பெற்ற படம். இம்முறையிற் காசநோய்ப் பற்றீரியாக்கள் சிவந்த சிறு கோல்களாகத் தோன்றும். ஏனைய கலங்களும் பின்னணியும் நீலமாகத் தோன்றும். பரந்த நீலத்தினிடையே கிடக்கும் அச்சிறு செங்கோல்களைக் காண்பதற்காகவே அப்படம் எடுக்கப்படுகின்றது.

படம் ஒவ்வொன்றும் 320 × 200, அதாவது 64,000 புள்ளிகள் கொண்டதாயின், பத்துப் படங்களிலும் 640,000 புள்ளிகள் உள்ளன. செங்கோல்கள் எல்லாம் சேர்ந்து 200 புள்ளிகள் எனக் கொண்டால், அவை முழுத்தொகையில் 3,200 இல் ஒரு பங்காகும். அவையும் ஒரே சிவப்பல்ல. விளிம்பு மங்கியும் நடு அடர்ந்தும் 50 வகையான சிவப்புகளாகப் பிரிந்திருப்பின், வகையொன்றுக்கு 4 புள்ளிகளே உள. பெரும்பான்மை நெறியில் இவற்றுள் ஒன்றேனும் முதல் 256 நிறங்களுள் இடம்பெறும் என எதிர்பார்த்தல் வீண். அவை ஒவ்வொன்றும் தட்டிலுள்ளவற்றுள் தமக்கு அண்மையான கபிலத்திலோ ஊதாவிலோ சென்று கரைந்துவிடும்.

இடைய வெட்டு முறையில் நிலைமை யாது? 640,000 புள்ளிகளை எட்டுமுறை பாதியாக்கினால், ஒவ்வொரு கனவுருவிலும் ஏறக்குறைய 2,500 புள்ளிகள் இருக்கும். செம்புள்ளிகள் 200 ஆதலின் அவை தனியே ஒரு கனவுருவை நிரப்பமாட்டா. அவை யாவும் ஒரே கனவுருவிற் சேர்ந்தன எனக் கொண்டாலும், அண்டையிலுள்ள கபில நிறப் புள்ளிகள் 2,300 அவற்றுடன் ஒருங்கே அடைக்கப்படும். சராசரியிற் சிவப்பின் பங்கு நூற்றுக்கு எட்டே. விளையும் நிறம் கபிலமே அன்றிச் சிவப்பன்று. கோல்கள் படத்தில் இருக்கும். அவற்றைக் கோல்களென அறிவித்த செந்நிறம் இராது. அப்படத்தைக் கையிற்கொண்டு, "சிவந்தவற்றைக் காண்க" என ஆசிரியர் கூறுவராயின், மாணவர் எதனைக் காண்பர்?

ஈண்டு நிகழ்ந்த தவறு கணக்கில் நிகழ்ந்ததன்று. ஒன்பது படங்கள் செவ்வனே காக்கப்பட்டன. பத்தாவது படத்திலும் பரப்பின் பெரும்பகுதியாகிய நீலம் காக்கப்பட்டது. இழக்கப்பட்டது 3,200 இல் ஒரு பங்கே. ஆயின் அப்பங்கு எதன்பொருட்டு அப்படம் உளதோ அதனையே சுமந்து நின்றது. பரப்பளவு வேறு, பொருளளவு வேறு. புள்ளிகளை எண்ணும் நெறி முன்னையதை அறியும், பின்னையதை அறியாது. புவிச்சரிதப் படங்களிலும் இவ்வாறே. பாறை வகையொன்று படத்தின் மூலையிற் சிறு திட்டாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதன் நிறம் அயலிலுள்ள பாறையின் நிறத்தோடு ஒன்றாகிவிடின், படம் மங்குவதோடு அமையாது, பொய்யுரைக்கவும் தொடங்கிவிடுகின்றது.

பலவற்றைத் தொகுக்குங்கால் எழும் ஓரம்

ஒரே படத்தைச் சுருக்கும்பொழுது இல்லாத ஒரு சிக்கல், பல படங்களைத் தொகுக்கும்பொழுது தலைகாட்டுகின்றது. படங்களின் அளவு ஒத்திராவிடின், பெரிய படம் தன் புள்ளிகளின் தொகையால் ஏனையவற்றை அமுக்கிவிடும். மேற்கூறிய பத்துப் படங்களுள் ஒன்று 640 × 480 அளவினதாயின் அதன் புள்ளிகள் மாத்திரம் 307,200. ஏனைய ஒன்பதும் சேர்ந்து 576,000. பத்தில் ஒன்றாகிய அப்படம் முழுத்தொகையில் மூன்றிலொன்றுக்கு மேற்பட்ட உரிமையைப் பெற்றுவிடுகின்றது. அப்படம் சிறந்தது என்பதனால் அன்று, பெரியது என்பதனால். இதற்கு மாற்று எளிது. ஒவ்வொரு படத்தின் மீடிறனையும் அப்படத்தின் மொத்தப் புள்ளிகளால் வகுத்துப் பங்குகளாக்கி, அதன் பின்னரே தொகுத்தல் வேண்டும். அப்பொழுது படங்கள் தம்முள் ஒத்த உரிமை பெறும். இச்சிறு திருத்தத்தைச் செய்யாமலே பல படங்களை ஒன்றாக ஒட்டி ஒரு பெரும்படமாக்கித் தட்டெடுப்பது பலர் வழக்கம்.

வேறு சிலர் இன்னும் எளிய வழியொன்றைக் கையாள்வர். தொகுதியிலுள்ள ஒரு படத்துக்குத் தட்டெடுத்து, அதனையே ஏனையவற்றுக்கும் பொருத்திவிடுவர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மையே. ஆயின் அம்முதுமொழி ஒரே அரிசியை ஒரே நீரில் ஒரே தீயில் அட்ட சோற்றுக்கே பொருந்தும். வெவ்வேறு பானைகளுக்கு ஒரு பானையின் சோற்றைப் பதம் பார்த்தல் முறையாகாது. காலையிலும் மாலையிலும், வெயிலிலும் நிழலிலும் எடுக்கப்பட்ட படங்கள் வெவ்வேறு பானைகளே.

அசையும் படங்களில் இவ்வோரம் வேறு வடிவெடுக்கின்றது. வெண்சுவரொன்றின் முன்னே சிறுவன் ஒருவன் பந்தெறிவதனை 50 சட்டங்களிற் காட்டுவதாகக் கொள்க. அசையாத சுவர் ஒவ்வொரு சட்டத்திலும் எண்ணப்படுகின்றது. ஒரே சுவர் ஐம்பது முறை தன் வாக்கினை அளிக்கின்றது. கணத்துக்குக் கணம் இடமாறும் பந்தின் குரலோ அடங்கிப்போகின்றது. எஃப்.எஃப்.எம்பெக் என்னும் நிகழ்படக் கருவியில் 2015 இற் சேர்க்கப்பட்ட தட்டாக்கும் பகுதி இக்குறையை உணர்ந்து அமைக்கப்பட்டது போலும். அதிற் சட்டங்களின் புள்ளிகள் அனைத்தையும் எண்ணும் வழி ஒன்று; முன்னைய சட்டத்தினின்றும் வேறுபட்ட புள்ளிகளை மாத்திரம் எண்ணும் வழி மற்றொன்று. இரண்டாவது வழியில் அசையும் பொருளுக்குத் தட்டில் மிகுந்த இடம் கிடைக்கின்றது. கண் அசைவினையே பின்பற்றும் என்பது இவ்வழியின் அடிப்படை. இது சிறந்த கருத்தாயினும், எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று. அசையாத முகத்தின் முன்னே திரைச்சீலை அசையுமாயின், இவ்வழி முகத்தைவிடத் திரைச்சீலையையே போற்றும். ஆகவே, எந்த வழியைத் தெரிந்தெடுப்பது என்பதும் படத்தின் பொருளை அறிந்த ஒருவரின் தீர்ப்புக்கே விடப்படுகின்றது.

தனித்தட்டே தக்கதன்றோ?

பொதுத் தட்டில் இத்துணை இடர் உளதாயின், படந்தோறும் தனித்தட்டு அமைப்பதே தக்கது எனச் சிலர் கூறுவர். ஜிஃப் வடிவத்தில் அதற்கு இடமுண்டு என்பது முன்னர்க் கூறப்பட்டது. செலவும் பெரிதன்று, 50 சட்டங்களுக்கு 50 முழுத் தட்டுகள் வைத்தாலும் 38,400 பைற்றே. ஆயின் இதன் குறை செலவிலன்று, தோற்றத்திலே உளது. மேற்கூறிய வெண்சுவர் முதலாவது தட்டில் ஒரு வெண்மையைப் பெறும். இரண்டாவது தட்டில் அதனின் வேறான வெண்மையைப் பெறும். அசையாது நிற்கும் சுவர் கணந்தோறும் துடிப்பதாகத் தோன்றும். ஒரு கதையிற் பாத்திரத்தின் பெயர் அத்தியாயந்தோறும் மாறுவது போன்றது இது. ஒவ்வொரு படமும் தனித்தனி நோக்குங்கால் சிறப்பாக இருக்க, தொடர் முழுவதும் சிதைந்து நிற்கும்.

எனவே பொதுத் தட்டு வெறும் சிக்கனத்துக்காக ஏற்கப்படும் குறை எனக் கொள்ளலாகாது. பல படங்களை ஒரு குடும்பமாக இணைக்கும் ஆற்றல் அதற்குண்டு. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய், 1830 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபுஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்னும் தொடரை வெளியிட்டார். பின்னர்ப் பத்துச் சேர, அத்தொடர் 46 படங்களாயிற்று. மரக்கட்டை அச்சில் நிறமொன்றுக்கு ஒரு கட்டை வேண்டுமாதலின் நிறங்கள் பலவாதல் இயலாது. அத்தொடரின் படங்களிற் பரவிநிற்கும் பிரஷிய நீலம், கடலையும் வானையும் மலையையும் ஒரே உலகத்தின் உறுப்புகளாகக் காட்டுகின்றது. நிறங்கள் சிலவே என்னும் குறை எவர் மனத்திலும் எழுவதில்லை.

ஹொக்குசாயின் சில நிறங்கள் நிறைவளிக்க, கணினி தெரிந்தெடுத்த 256 நிறங்கள் சிலவேளை குறையுறுவது ஏன்? வரையறை எக்கணத்திற் புகுந்தது என்பதிலேயே விடை உளது. ஓவியர் வரையறையை முன்னரே ஏற்று அதற்குள் நின்று படத்தைக் கருக்கொண்டார். கணினியோ முடிந்த படத்தின்மீது வரையறையைப் பின்னர்ச் சுமத்துகின்றது. வெண்பாவின் தளைக்குள் நின்று சிந்திக்கும் புலவனுக்கு அத்தளை துணையாகின்றது. ஒருவர் எழுதி முடித்த உரைநடையை மற்றொருவர் வெண்பாவாக வெட்டித் திணித்தால், தளை பிழையாதிருப்பினும் பொருள் பிழைத்தல் கூடும். 1990 இல் வெளிவந்த லூம் என்னும் கணினி விளையாட்டின் பின்னணிப் படங்கள் இதற்குத் தக்க சான்று. அதன் முதற் பதிப்புக்குக் கிடைத்தவை மாற்றற்கியலாத 16 நிறங்களே. ஓவியர் மார்க் ஃபெராரி அவ்வரையறையை அறிந்தே, இருநிறப் புள்ளிகளை அடுத்தடுத்து இட்டு இடைநிறங்களைத் தோற்றுவித்து, அப்பின்னணிகளை ஆக்கினார். ஆங்கு நிறப்பஞ்சம் தோன்றவில்லை, நிறவடக்கமே தோன்றிற்று.

புள்ளிக் கலவையின் எல்லை

இருநிறப் புள்ளிகளை அடுத்தடுத்து இட்டால் தொலைவிலுள்ள கண் அவற்றை ஒன்றாகக் கலந்து காணும். 1884 முதல் 1886 வரை பிரெஞ்சு ஓவியர் சோரா தம் பெரும்படமொன்றினை இக்கொள்கைப்படியே தீட்டினார். 1976 இல் றொபேட் புளொயிட், லூயிஸ் ஸ்ரைன்பேர்க் என்னும் இருவரும் இதனைக் கணினிக்கு ஏற்ற விதியாக்கினர். ஒரு புள்ளிக்குத் தட்டில் ஒத்த நிறம் இல்லாவிடின், அண்மையான நிறத்தை இட்டு, எஞ்சிய வழுவை அயற்புள்ளிகளுக்குப் பகிர்ந்தளிப்பதே அவ்விதி. வலப்புறப் புள்ளிக்கு 16 இல் 7 பங்கு. கீழ்வரிசையில் இடப்புறத்துக்கு 3, நேர்கீழுக்கு 5, வலப்புறத்துக்கு 1. வழு மறைக்கப்படாமல் பகிரப்படுவதால் முழுமையில் நிறம் ஒத்துவிடுகின்றது.

இதனைப் பொதுத் தட்டின் குறைகளுக்கெல்லாம் மருந்தெனக் கருதுவோர் உளர். மருந்துக்கும் எல்லை உண்டு. தட்டிலுள்ள நிறங்களைக் கலந்தே இடைநிறங்கள் பெறப்படுகின்றன. தட்டின் எல்லைக்கு அப்பாற்பட்ட நிறத்தை எக்கலவையாலும் ஆக்கல் இயலாது. கபிலத்தையும் நீலத்தையும் எவ்வாறு கலப்பினும் தூய சிவப்புப் பிறவாது. ஆகவே செங்கோல்களின் சிவப்பு தட்டில் இல்லையெனின், இம்மருந்து அதனை மீட்டுத் தராது. மேலும், அசையும் படங்களில் ஒரு மூலையில் நிகழும் சிறு மாற்றம் வழுவின் வழியே படர்ந்து, அசையாத பகுதியின் புள்ளிகளையும் இடம்பெயர்த்துவிடும். சுவரில் எறும்பூர்வது போலத் தோன்றும். பேயர் என்பார் 1973 இல் வகுத்த ஒழுங்குநிரை முறையில் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தை மாத்திரம் நோக்குவதால் இக்குறை இல்லை. ஆயின் கட்டங்கட்டமான நெசவுத் தோற்றம் புலப்படும்.

அருகிய நிறத்துக்கு உரிய இடம்

அருகிய நிறத்தைக் காத்தற்குக் கணக்கினுள்ளேயே வழியில்லையா? ஓரளவு உண்டு. 1991 இல் சியாவோலின் வூ வெளியிட்ட முறை, புள்ளிகளைச் சமமாகப் பங்கிடுவதை விடுத்து, ஒவ்வொரு நிறமும் தன் பிரதிநிதியினின்றும் எவ்வளவு விலகுகின்றது என்பதனை வர்க்கித்து, அவ்வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் குறைக்க முயல்கின்றது. மேற்கூறிய கனவுருவில் 200 செம்புள்ளிகள் சராசரியினின்றும் 150 அலகு விலகியும், 2,300 கபிலப் புள்ளிகள் 20 அலகு விலகியும் இருப்பதாகக் கொள்க. செம்புள்ளிகளின் வழு 200 × 22,500, அதாவது 4,500,000. கபிலத்தின் வழு 2,300 × 400, அதாவது 920,000. எண்ணிக்கையிற் பதினொன்றில் ஒரு பங்குதானும் இல்லாத சிவப்பு, முறையீட்டில் ஏறக்குறைய ஐந்து மடங்கு வலிமை பெறுகின்றது. அதனைப் பிரித்துத் தனியிடம் அளித்தால் வழு பெரிதும் குறையும் எனக் கணக்கே கூறிவிடும். எத்துணைப் பேர் என்பதோடு, எத்துணைத் துயர் என்பதையும் வினவுவதே இந்நெறியின் உயர்வு.

ஆயினும் அத்துயரை அளக்குங் கோல் செவ்விதாதல் வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் எண்களின் தூரம், கண் உணரும் தூரத்தோடு ஒத்ததன்று. எண்ணிற் சமமான இரு வேறுபாடுகளுள் ஒன்று கண்ணுக்குத் தெளிவாகப் புலப்பட, மற்றொன்று புலப்படாதொழியும். 1976 இற் சர்வதேச ஒளியியல் ஆணைக்குழு வகுத்த நிறவெளியும், 2020 இல் பியோர்ன் ஒட்டொசன் வெளியிட்ட ஓக்லாப் என்னும் நிறவெளியும் இவ்வேற்றுமையைக் குறைக்கும் முயற்சிகளாகும். தூரத்தை இவற்றில் அளந்து தட்டெடுத்தல் கண்ணுக்கு இசைவான பயனைத் தரும்.

இவை யாவும் கண்ணுக்கு வேறாகத் தோன்றும் நிறத்தைக் காக்கும். கருத்துக்கு வேறாக நிற்கும் நிறத்தைக் காக்குமென்பதற்கு உறுதியில்லை. புவிச்சரிதப் படத்திற் பொருளால் வேறுபட்ட இரு பாறைகள் நிறத்தால் மிக நெருங்கியிருத்தல் கூடும். அதனை அறிவது கணக்கன்று, கற்றவர் கண்ணே. ஆதலின், பொதுத் தட்டினை ஆக்குவோர் 256 இடங்களையும் கணக்கின் கையில் ஒப்புவித்துவிடாது, பதினாறிலொரு பங்காகிய 16 இடங்களையேனும் பொருள்பொதிந்த நிறங்களுக்கெனத் தம் கையாலே ஒதுக்கிவைத்தல் நன்று. எஞ்சிய 240 இடங்களைக் கணக்குப் பங்கிடட்டும். பதினாறு இடங்களை இழப்பதால் பெரும்பரப்பு நிறங்களுக்கு நேரும் தேய்வு பெரிதும் கண்ணுக்குப் புலனாகாதது. பதினாறு நிறங்கள் பெறும் வாழ்வோ வெளிப்படை.

முடிவை மதிப்பிடும் முறையும் திருந்தல் வேண்டும். பத்துப் படங்களுள் ஒன்பதின் வழு 2 ஆகவும் ஒன்றின் வழு 20 ஆகவும் இருப்பின், சராசரி 3.8. இவ்வெண்ணைக் கண்டு நிறைவுறுவோர் சிதைந்த படத்தைத் திறந்து பார்ப்பதில்லை. பொதுத் தட்டின் தகுதியைச் சராசரியால் அன்று, அதன்கீழ் மிகவும் நலிந்த படத்தாலேயே அளத்தல் முறை. ஒன்பது பேர் உண்டதனால் பத்தாமவன் பசி தீராது.

இறுதியாக ஒன்று. தட்டினுள் அடக்கப்பட்ட படம் தன் பழைய நிறங்களை மீட்டறிய மாட்டாது. சிவப்பும் கபிலமும் ஒரே வரிசையெண்ணைப் பெற்ற பின், எது முன்னர்ச் சிவப்பாயிருந்தது என்பதனை எவராலும் கூறல் இயலாது. ஆதலால், மூலப்படங்களைக் காவாது சுருங்கிய படங்களை மாத்திரம் வைத்திருத்தல், மூலச்சுவடியை எரித்துவிட்டுச் சுருக்கவுரையைப் பேணுவதனோடு ஒக்கும். சுருக்கவுரை எத்துணைச் சிறந்ததாயினும், அதில் விடுபட்டது யாது என வினவுதற்கு மூலம் ஒன்றே துணை.

பலவற்றை ஒன்றினுள் அடக்குதல் தீதன்று. பல வேளைகளில் அது தேவை, சில வேளைகளில் அதுவே அழகு. ஆயின் அடக்குவோன், எண்ணிக்கையாற் பெரியனவே மதிப்பாலும் பெரியன எனக் கொள்வானாயின், அவன் தட்டு நிறைந்திருக்கும். அவன் படங்களோ வறிதாகும். பரந்த நீலத்தினிடையே கிடக்கும் இருநூறு செம்புள்ளிகளுக்கு ஓரிடம் ஒதுக்கத் தெரிந்த தட்டே பொதுத் தட்டு என்னும் பெயருக்கு உரியது.